நந்தினி சைக்கிளின் முன்சக்கரம்

ஜெயப்பிரகாஷ் கெட்டிக்காரன் என்பதில் ஜெயப்பிரகாஷுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய, தோல் பதனிடுகிற டேனரியில் அவனுக்கு டாகிளிங் செக்‌ஷன். ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் விரித்து, சுற்றிலும் கிளிப் மாட்டி, சுருக்கம் போகிறவரை இழுத்துக் காயவைக்கிற வேலை. எங்கே தொய்கிறதோ அங்கே இழு, அவ்வளவுதான் வித்தை. அவன் இழுத்துக் கட்டிய தோலில் மேஸ்திரி இதுவரை ஒரு மடிப்பைக் காட்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

அது நந்தினி பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். கூடப் படித்தவர்களின் சைக்கிளெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இவள் மட்டும் எண்ணெய் விட்டு, துடைத்து, புருஷன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். தினமும் அதில்தான் போய் வருகிறாள். வெள்ளிக்கிழமை ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன்சக்கரம் கோட்டமாகிவிட்டது. சுற்றும்போது இடமும் வலமுமாக ஆடியது.

"வாஹித் பாய் கடையில வுட்டா நிமிஷத்துல கோட்டம் எடுத்துத் தருவாரு" என்றாள்.

"இதுக்குப் போயி கடையா? நான் எடுக்கறேன். நீ உங்க அம்மாவ பாத்துட்டு சாயங்காலம் வா. ரெடியா இருக்கும்."

அவள் பேரணாம்பட்டு பஸ் ஏறினாள். வாஹித் பாயும் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வாணியம்பாடிக்கு ஒரு நிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சக்கரக் கம்பியை முறுக்குகிற சாவியை இவன் கையில் கொடுத்து, "ஜாஸ்தி இழுக்காதப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஜெயப்பிரகாஷ் இழுத்தான். ரிம் ஒதுங்கிய இடத்துக் கம்பிகளையெல்லாம் ஒன்று விடாமல் முறுக்கினான். அங்கே அடங்கி வேறொரு இடத்தில் எட்டிப் பார்த்தது. அங்கேயும் முறுக்கினான். தோலாக இருந்தால் இந்நேரம் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும். சாப்பாட்டு வேளை தாண்டி, இன்னும் ஒரே ஒரு திருகு என்று சாவியைப் போட்டபோது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கம்பி ஒன்றும் ஒடியவில்லை, ஆனால் சக்கரம் அப்பளமாக நெளிந்து, அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

சக்கரம் போனால் வேறு சக்கரம் போடலாம். சங்கதி அதுவல்ல. கம்பெனிக்குப் போக நந்தினி பைபாஸைத் தாண்ட வேண்டும். லாரிக்காரர்கள் அங்கே யாருக்கும் நிற்பதில்லை. கம்பெனி வேனில் போ என்று கல்யாணமானதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். "வேன் கூப்ட்டா நான் ஓடணும். சைக்கிள் நான் கூப்ட்டா வரும்" என்பாள் அவள். கேட்டு அலுத்துப்போய், போன புதன்கிழமை அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேன் டிரைவர் ராஜேஷிடம் அவளுக்கு ஒரு சீட் போட்டுவைக்கச் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை சீட், ஞாயிற்றுக்கிழமை சக்கரம். வேணுமென்றே பண்ணினான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனே வெளி ஆளாக இருந்தால் அப்படித்தான் நினைப்பான். இவன் திருட்டுத்தனம் பண்ணுகிறவன் என்று ஒருமுறை அவள் மனசில் விழுந்துவிட்டால் அப்புறம் என்ன சொல்லி எடுப்பது? பாய்க்குப் போன் போட்டான். நிக்கா வீட்டுச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்?

வெயில் இறங்குமுன்பே நந்தினி வந்துவிட்டாள். கையில் அம்மா கொடுத்த அதிரசப் பை. சக்கரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"கோட்டம் எடுத்தேன்."

"எடுத்து எங்க வெச்சீங்க?"

"சத்தியமா வேணும்னு பண்ணல, நந்தினி."

அவள் எதிர்ப்பக்கம் குந்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. "எல்லாத்தயும் இழுத்தா எப்படிங்க? எங்க மெஷின்ல மேல்நூல ரொம்ப டைட் பண்ணா அடிநூல் மேல வந்துடும். ஒண்ண இழுத்தா ஒண்ண வுடணும். மொதல்ல எல்லாத்தயும் லூஸ் பண்ணுங்க, ஒரே அளவா."

தளர்த்தத் தளர்த்த நெளிவு தானாகவே அடங்கியதை அவன் நம்பமுடியாமல் பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது: கம்பிகள் ஒன்று விட்டு ஒன்று அச்சின் வலப்பக்கமும் இடப்பக்கமும் போய் மாட்டியிருந்தன. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கம்பிகள். இவன் காலையிலிருந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்தே முறுக்கியிருக்கிறான்.

தோலில் குறி போடுகிற சில்வர் பேனா ஒன்று அவள் பையில் எப்போதும் கிடக்கும். அதை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்தாள். அவன் சக்கரத்தைச் சுற்றினான். ரிம் ஒதுங்கிய இடத்தில் மட்டும் பேனா பட்டு வெள்ளிக்கோடு விழுந்தது. அங்கே எதிர்ப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கி, இந்தப் பக்கக் கம்பியை அதே அளவு தளர்த்தினான். அவள் கோட்டைத் துடைத்தாள், அவன் மறுபடி சுற்றினான். கோடு குட்டையானது. அவள் துடைக்க, இவன் முறுக்க, வேலை பிடிபட்டுவிட்டது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கடைசியில் பேனா எங்கேயும் படாமல் சக்கரம் சுற்றியது. ஆடாமல், சத்தமில்லாமல் சுற்றியது.

இதற்குமேல் மறைக்க அவனுக்கு மனசு வரவில்லை. "புதன்கிழமை ராஜேஷ்கிட்ட உனக்கு வேன்ல சீட் சொல்லிட்டேன்" என்றான்.

"தெரியும். அன்னிக்கே எங்கிட்ட சொல்ட்டான்."

"தெரிஞ்சுமா சைக்கிள எங்கிட்ட வுட்டுட்டுப் போன?"

"அதான் வுட்டுட்டுப் போனேன். இன்னா பண்றீங்கன்னு பாக்கலாம்னு." பையிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து நீட்டினாள். "வேணும்னு பண்றவன் ரெண்டு கம்பிய ஒடச்சிட்டு ஹாயா படுத்துத் தூங்கிருப்பான். நீங்க சோறுகூட துன்னாம சுத்திப் பூரா முறுக்கி வெச்சிருக்கீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் எதிரிலேயே ராஜேஷுக்குப் போன் போட்டான். "தோஸ்த், அந்த சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடு. எங்க வீட்ல சைக்கிள்லதான் போவாங்க."

நந்தினி சைக்கிளை நிமிர்த்தி ஸ்டாண்ட் போட்டாள். ஹேண்டில்பாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தை மறுகையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைபாஸ் தாண்டனதும் தெனம் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்" என்றாள். "போதுமா?"

"போதும்" என்றான், வாய் நிறைய அதிரசத்தோடு.