காட்சிப்பொருள் 47: ஒரு பிழைதிருத்தம்

1.

உலகக் கலை வரலாற்று அறிஞர்கள் அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கவும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கும் நானூறு ஆண்டுக்கால ஆன்மிக உறவு இருந்ததற்கான மரச்சான்று கிடைத்துவிட்டது. உயரம் நாலரை அடி. இரண்டு கைகளும் தோளில் அசையும். சான்றை வாங்கியவர் எபனேசர் சார். உறவைக் கண்டுபிடித்தவன் நான், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக் காபிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில்.

உட்காரலாம்.

இந்தக் கதை பிறந்தது அவர் வீட்டில்தான். எபனேசர் சார் முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட். கப்பல்காரர்களிடமும் கடற்கரை ஆட்களிடமும் முகமூடி, கேடயம், ஈட்டி என்று வாங்கிக் குவித்தார். ஓய்வுபெற்றதும் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு ஏசி போட்டு, ‘ஆசியப் பழங்குடிக் கலைக்கூடம்’ என்று பலகை மாட்டினார். பொருள்களுக்குத் தமிழில் குறிப்பு எழுத ஆள் வேண்டியிருந்தது. நானோ உள்ளூர்ப் பத்திரிகைகளில் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்துப் பிழைக்கிறவன். பட்டியல் நூலின் அட்டையில் என் பேரும் வரும் என்றார். [கிண்டல் அன்றோடு நின்றது.]

2.

முதல் தொடக்கம்: “அலைகள் ஆர்ப்பரிக்கும் முத்துக்குளித்துறையின் கரையிலே, ஒரு மாலைப்பொழுதில் —”

[வேண்டாம். இங்கே முத்து எடுத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆர்ப்பரிப்பது நிலக்கரி லாரி.]

இரண்டாம் தொடக்கம்: “எபனேசர் அவர்கள் காலத்தின் காவலர். அவரது கண்கள் —”

[இது பட்டியலின் முன்னுரையில் நான் எழுதிய வரி. ஒரே பொய்யை இரண்டு இடத்தில் விற்கக் கூடாது.]

மூன்றாவது தொடக்கம் கீழே. அதில் அலங்காரம் இல்லை. அலங்காரம் செய்யும் தெம்பு போய்விட்டது.

3.

“ஏலே நேசக்குமார், இந்தக் கையத் தூக்கிப் பாரு.”

தூக்கினேன். தோளில் தோல் வைத்துத் தைத்த மூட்டு. கை மேலே போனது, கீழே வந்தது. உள்ளங்கைகளைக் கரையான் தின்றிருந்தது. தலை மொட்டை.

“சுலாவெசில செத்தவங்களுக்கு இப்படித்தாம்லே பாவை செய்வான். கை அசையும். புஸ்தகத்துல படமே இருக்கு.”

“காலுல ஓட்ட இருக்கே சார்?”

“ஸ்டாண்டுல சொருகுததுக்கு.”

“விலாவுல குத்து?”

“வேட்டைக்குப் போன எடத்துல செத்திருப்பான்.”

“பெருவிரலு ரெண்டும் தேஞ்சு கெடக்கு.”

“தலைமுறை தலைமுறையா தொட்டுக் கும்பிட்டிருக்கான். நல்ல பாயிண்டு, எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.*

(* சாருக்கும் எனக்கும் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. எங்கள் ஆலயங்களில் சிலை கிடையாது. சிலுவையும் வெறும் மரம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். விலாவில் குத்தும் பாதத்தில் ஆணித் துளையும் உள்ள ஒருவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் ஞாயிறு பள்ளியில் படித்து, மனப்பாட வசனத்துக்குப் பரிசும் வாங்கிய இரண்டு பேர், அவர் நேரில் வந்து நின்றபோது இந்தோனேசியாக்காரர் என்று எழுதிக்கொண்டோம். எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். ஐந்தாம் பிரிவில் கேளுங்கள்.)

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்றவரைப் பொருளின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்வார். ‘ஆதாரம்’ என்பார். படம் எடுப்பது நான், என் போனில். பட்டியலில் போடும்போது ஆளை வெட்டிவிடுவேன். காட்சிப்பொருள் நாற்பத்தேழில் சரியாக வெட்டவில்லை. மரத்தோளில் நாலு விரல் மிச்சம் நின்றது. மோதிர விரலுக்கு நுனி இல்லை.

4.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வேண்டும். முத்தையாபுரம் தாண்டிக் கடற்கரை ஊர்களிலிருந்து மகளிர் குழுப் பெண்களை வேனில் கொண்டுவந்தோம். ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு பட்டியல் நூல்.

அந்த வேனில் வந்தவர் பிளாரன்ஸ். ஐம்பது வயதிருக்கும். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பெருக்கித் துடைக்கிறவர். நாற்பத்தேழின் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினார். கயிற்றைத் தாண்டி உள்ளே போய், மண்டியிட்டு, தேய்ந்த அந்தப் பெருவிரல்களில் உதடு பதித்து முத்தி செய்தார். காவலாளி ஓடிவந்தான். சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்: “பாருங்கள். முன்பின் அறியாத ஒரு பண்பாட்டின் கலைகூட எளிய மனிதரை மண்டியிட வைக்கிறது!”

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

5.

[சந்தேகம் வந்தது. செவ்வாய்க்கிழமையே வந்தது.]

பிளாரன்ஸ் என்னைச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் பிடித்தார்.

“அண்ணாச்சி, இது எங்க ஊரு ஆண்டவரு.”

“எப்படிம்மா சொல்லுதீங்க?”

“இருவத்திரெண்டு வருசமா பெரிய வெள்ளிக்கி எண்ண போட்டுத் தொடச்சு, சிலுவையிலருந்து எறக்கி, தூம்பாப் பொட்டியில கெடத்துனவ நான். எம் புருசன் ஒடம்புல எங்கன மச்சம்னு கேட்டா யோசிப்பேன். இவரு ஒடம்பு தெரியாதா? புதுசா ஃபைபர்ல ஒண்ணு வந்திச்சு. தலமுடியும் முள்முடியும் அதுக்குப் போயிட்டு. இவர மேல பரண்ல போட்டாங்க. எடது முட்டிக்குக் கீழ மெழுகுவத்தி சாஞ்சி சுட்ட தழும்பு இருக்கும், போயிப் பாருங்க.”

பார்க்கத் தேவையில்லை. ‘அக்கினிச் சடங்கின் தடம்’ என்று எழுதியதே நான்தான்.

“வெள்ளம் வந்த வருசம், தண்ணி வடிஞ்சி பாத்தா ஆளக் காணல. பரண் சாவி எங்கிட்ட. கோயில் கமிட்டிக்கிட்டயும் ஒரு சாவி இருக்கு, அத எவனும் கேக்கல. அன்னைலருந்து நான் களவாணி. எம் மவ ரீனாவுக்குக் கல்யாணம் பேசி, கோயில்ல மூணு கல்யாண அறிவிப்புல மொத ஓல வாசிச்சாச்சி. மாப்பிள வீட்டுக்கு யாரோ சொல்லிட்டான். ‘களவுப் பேச்சுக்கு ஒரு முடிவு தெரியட்டும், பொறவு ரெண்டாவது ஓல’ன்னுட்டாங்க.”

பட்டியலைப் பிரித்து விரலை வைத்தார். “இந்த மோதர வெரலு தனராசு வெரலு. படகு விஞ்சுல மாட்டி அந்துபோனது. அவன்தான் கமிட்டில பெரிய ஆளு. வெரலக் காட்டுனா ஊரு சிரிக்கும். மூஞ்சி வேணும். முழுப் படம் உங்ககிட்ட இருக்கும்லா?”

“சாரக் கேக்கணும்மா.”

“சுரூபத்தக் கேக்கல அண்ணாச்சி. அவரு ஏசிலயே கெடக்கட்டும். படத்த மட்டும் அனுப்புங்க.”

சாரைக் கேட்டேன். “படம் வெளிய போனா பாதரு வருவாரு, போலீசு வரும். சுலாவெசி என்னலே ஆவும்? அட்டையில ஒம் பேரும் இருக்கு, மறந்துராத,” என்றார். மறக்கவில்லை.

6.

தனராஜைப் பற்றி ஒரு சந்தேகம். அவனுக்கு ஒரு சீக்காளி மகளைக் கொடுத்து, விற்றதற்கு நியாயம் உண்டாக்கலாமா என்று பார்த்தேன். “மருத்துவமனை வராந்தாவில் தனராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு —” [அடித்துவிட்டேன். பரணில் கிடக்கும் பழைய சாமான் என்று நினைத்தான், விற்றான். வேறு காரணம் இல்லை.]

இனி முடிவுகள்.

(அ) எபனேசர் சார் மனம் மாறுகிறார். மேளதாளத்தோடு சுரூபத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். கோயில் சுவரில் பளிங்குக் கல்: ‘உபயம்: எபனேசர்.’ கல்லைத் திறந்துவைப்பவர் கமிட்டியின் தனராஜ். பிளாரன்ஸ் தரையைத் துடைக்கிறார். [நடக்கக்கூடியது இது ஒன்றுதான். அதனால் பிடிக்கவில்லை.]

(ஆ) எப்படியும் களவாணிப் பேர் வாங்கியாயிற்று. ஒரு நாள் பிளாரன்ஸ் வேனோடு வந்து நாற்பத்தேழைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. போனில் அவரிடமே சொல்லிப் பார்த்தேன்.

“நல்லா இருக்கே! நான் எடுத்தா ஊரு சொன்னது உண்மையாயிரும்லா? ஏன் அண்ணாச்சி, படிச்சவங்களுக்கு இப்படித்தான் ஓசன வருமா?”

[அவர் நடிக்க மறுத்ததால் கைவிடப்பட்டது.]

(இ) நேசக்குமார் படத்தை அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதர் இரண்டாவது ஓலையை வாசிக்கிறார்: “ரீனா, பிளாரன்ஸின் மகள் —”

[இந்த வரியை முடிக்க மூன்று நாள் முயன்றேன்.]

7.

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது ஒரு நாகரிகம். விடலாம். ஆனால் உங்களிடம் படம் இல்லையே.

இதை வாசித்துவிட்டு ‘உண்மை வெளியே வந்துவிட்டது’ என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். ஊர்ப் பேரை எழுதவில்லை. ஆட்களின் பேர்களை மாற்றிவிட்டேன். தனராஜ் தனராஜ் இல்லை. நுனி போனதுகூட வேறு விரல். இந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய் பிளாரன்ஸால் தன் ஊரில் யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. அதை மட்டும் கவனமாகச் செய்திருக்கிறேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டார்.

“உங்களப் பத்தித்தாம்மா எழுதிக்கிட்டிருக்கேன். கதை நல்லா வந்திருக்கு,” என்றேன்.

“படம்?” என்றார்.

கதையைப் போனில்தான் தட்டச்சு செய்தேன். படமும் அதே போனில்தான் இருக்கிறது. கதையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.