மாப்பிள்ளை வாட்ச்

தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைத்துரை எழுந்து நின்றுவிட்டார். பெண் வீட்டார் போட்ட வாட்ச்சை மகன் பாண்டியராஜனின் கையிலிருந்து கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, சத்தத்தையே காணோம்?"

"செல்லுல ஓடுறது சம்பந்தி. சாவி குடுக்க வேண்டாம். இப்ப வந்த மாடல்" என்றார் பெண்ணின் அப்பா நல்லகாமன்.

"எங்க பங்காளிக எல்லாருக்கும் எச்.எம்.டி.தான் போட்டாக. எம் மகனுக்கு மட்டும் பொம்மையா? எச்.எம்.டி. வரட்டும், தாலி கட்டலாம்."

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். வாடிப்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை வாட்ச் என்றால் எச்.எம்.டி.தான். பெங்களூரில் நம் ஆட்களே செய்கிற வாட்ச் என்று ஒரு காலத்தில் பதிந்துவைத்துக் காத்திருந்து வாங்கினார்கள். நல்லகாமனின் கல்யாணத்தில் அது கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் ஒரு வருடம் மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதனால் வெள்ளைத்துரை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கடைகள் திறக்காத காலை. நல்லகாமன் தன் இளைய மகள் தமிழ்ச்செல்வியைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

தமிழ்ச்செல்வி மதுரை காளவாசலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கையில் இருந்தது எச்.எம்.டி., அதுவும் ஆண்கள் கட்டுவது. பெண்கள் வாட்ச்சின் முகம் நகத்தளவுதான் இருக்கும். நாடி பிடித்து எண்ணும்போது நொடிமுள் தெரியாது. அதற்காகவே தன் சம்பளத்தில் பெரிதாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

"ஒரு பொழுதுக்குத்தான் ஆத்தா. சாயங்காலம் வாங்கித் தந்துர்றேன்."

மணமேடையில் அக்கா சீனியம்மாள் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி கழற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கேட்டபோது நல்லகாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாப்ள கையில ஏறுனத எறக்கக் கூடாதுத்தா."

"அப்ப அந்தச் செல்லு வாட்ச்சயாவது தாங்க."

"அத சம்பந்தி சின்ன மகனுக்குன்னு எடுத்துக்கிட்டாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாண வீட்டில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுடன் வந்தவர்களிடம் வாட்ச் இரவல் கேட்டு நாடி பார்த்தாள். "ஒரு வாட்ச் கட்ட வக்கில்லாதவளுக்கு நர்ஸ் வேல எதுக்கு?" என்று தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டாள். அடுத்த லீவு நாளில் தமிழ்ச்செல்வி ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினாள்.

பாண்டியராஜன் முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வாட்ச் கையில் இருந்தது.

"வா கொழுந்தியா" என்றான்.

"மச்சான், அது என் வாட்ச். அப்பா ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்குனாரு. எனக்கு வேலைக்கு வேணும்."

அவன் முகம் கறுத்தது. வெட்கப்படுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"பொம்பள கட்டுன வாட்ச்சயா எங்கையில கட்டிவிட்டாரு உங்கப்பன்?"

வாரைப் பிய்த்துக் கழற்றி முற்றத்துக் கல்லில் வீசினான். கண்ணாடி உடைந்து தெறித்தது. உள்ளேயிருந்து வந்த வெள்ளைத்துரை விஷயம் தெரிந்ததும், "தூ! ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாய்ங்க" என்றார்.

"நான் சம்பாதிச்சது மச்சான் அது!" தமிழ்ச்செல்வியின் குரல் தெருவரை கேட்டது. "இம்புட்டு நாளும் உறுத்தலையே? நல்லாத்தான கைய மடிச்சுவிட்டுத் திரிஞ்சீங்க? இன்னைக்கு என்ன, கை அழுகிருச்சா?"

சீனியம்மாள் ஓடிவந்து வாட்ச்சைப் பொறுக்கித் தங்கையின் கையில் திணித்தாள். "போயிருடி. நான் இங்கதான் குடும்பம் நடத்தணும்" என்றாள். தமிழ்ச்செல்விக்கு அக்காவின் மேலும் கோபம் வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலும் வந்தது.

மறு வாரம் நல்லகாமன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கையில் புது வாட்ச் பெட்டி.

"எம்புட்டு அவமானம் எனக்கு! மாப்ள வீட்டுல புதுசு கேக்குறாக. நல்லாப் பாத்துக்க, பொம்பள கை படாதது."

அவள் திறந்து பார்த்தாள். அவளுடையதைப் போலவே வெள்ளை முகம், கறுப்பு எண்கள்.

"எங்கூட வேல பாக்குற புள்ளையோட அக்கா பெங்களூரு பேக்டரில இருக்கா. அங்க ஒக்காந்து இந்த முள்ளப் பூட்டுறதே அவள மாதிரி பொம்பளைகதான். போயி உங்க சம்பந்திகிட்டச் சொல்லுங்க. கையில வாங்குறாரான்னு பாப்போம்."

"வாய அடக்கு ஆத்தா. அக்கா வாழ வேணாமா?"

"நான்?"

நல்லகாமன் பெட்டியை மூடித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் அதை எங்கும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். வெயிலில் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று தோன்றியது. ஆனாலும் அவள் கூப்பிடவில்லை.