சாக்கில் சுற்றிய துப்பாக்கி

“வயசாயிடுச்சு ரேலின். தோட்டா போடாமலே சுடறேன் பாரு.”

“அதான் அந்த வாத்து உன்னப் பாத்து சிரிச்சிட்டுப் போச்சா?”

“வெளிய சொல்லிடாத.”

“சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா சொல்லிடுவேன். டூகலுக்குத்தான் மொதல்ல.”

“சொல்லு, சொல்லு. உன் புருஷன் மானம்தான போகுது.”

ரேலினும் அவள் கணவன் லாக்கியும் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி. போன வருடம் மே மாதம், வாத்து சீசனின் முதல் நாள். காயலோரம் நாணலும் பலகையும் வைத்துக் கட்டிய மைமை என்கிற வேட்டை மறைவுக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். விசையை இழுத்ததும் வெறும் ‘டக்’ என்று மட்டும் கேட்டதால், லாக்கி தன் இரட்டைக் குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்த்தான். வலது குழலின் வாய் காலியாக இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்புத் தோட்டாவை எடுத்துப் போட்டு மூடினான். அடுத்த கூட்டம் தாழ்ந்து வந்தது. சுட்டான்.

அந்தச் சத்தம் ரேலினின் காதில் இன்னும் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தமாக இல்லை, யாரோ கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த சத்தமாக.

இடது கையின் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் போயின. “குழல் முனையில சேறு அடைச்சிருந்திருக்கு. நான் பாக்கல” என்று லாக்கி ஆஸ்பத்திரியில் சொன்னான். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான். சேறு அடைத்து யாருடைய துப்பாக்கியாவது வெடிப்பது கேள்விப்படாத விஷயம் இல்லை என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை. பக்கத்து மைமையிலிருந்து படகில் விரைந்து வந்த நண்பன் டூகல்தான் தன் பெல்ட்டைக் கழற்றி அவன் கையைக் கட்டினான். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியதும் அவன்தான்.

அதன் பிறகு அந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து லாக்கி இடது கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸை மாட்டிக்கொண்டான். சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். குளிக்கப் போனால் உள்ளே தாழ்ப்பாள் விழும். புண் ஆற வேண்டும், தூக்கத்தில் உன் கை பட்டுவிடும் என்று பின்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். புண் ஆறி மாதங்களாயின. படுக்கை திரும்பி வரவில்லை. ஆட்டைப் பிடித்து நிறுத்தி மயிர் வெட்ட முடியாததால் மந்தையில் பாதியை விற்றார்கள். அதைப் பற்றிக்கூட இருவராலும் பேச முடிந்தது. அவள் கேட்க நினைத்ததை மட்டும் கேட்க முடியவில்லை. அவனுடைய அந்தக் கையை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. காட்டு என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் திறந்திருக்கிறாள். டீ வேணுமா என்றுதான் வார்த்தை வெளியே வந்திருக்கிறது.

அவனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். எதனால் என்பதுதான் தெரியவில்லை.

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை டூகல் வந்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸ் ரோலைக் கேட்காமலே எடுத்துக் கடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அப்படியே பேசினான்.

“அடுத்த ஞாயிறு மைமைக்குப் பேர்ப் பலகை அடிக்கணும். உங்களுதுக்கு நீங்க அடிக்கலன்னா வேற எவன் வேணா அடிச்சிக்கலாம். இன்வர்கார்கில் டவுன்ல ஒரு பல் டாக்டரு இப்பவே விசாரிக்கறான். பளபளன்னு துப்பாக்கி. வாத்து சிரிச்சா பல்லப் பிடுங்குவான் போல.”

“அவனே உக்காந்துக்கட்டும்” என்றான் லாக்கி.

“உங்கப்பா கட்டின மைமைடா.”

“எங்கப்பா செத்து ரொம்ப நாளாச்சு.”

ரேலின் தேநீர்க் கோப்பையை லாக்கியின் வலது கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள்.

“துப்பாக்கிய சரி பண்ணலாம்னு பாக்கறேன். கோர் ஊர்ல ஒருத்தர் பழைய குழலை அறுத்துட்டுப் புதுசு பொருத்தித் தராராம். தோள் கட்டையும் விசைப் பூட்டும் நல்லாத்தான இருக்கும்.”

“வேணாம்.”

“நீ சுட வேண்டாம் லாக்கி. சும்மா மைமைல வந்து உக்காரு. நான் சுடறேன். வாத்து விழுந்தா எடுத்துட்டு வா. நாய்க்கும் வயசாயிடுச்சு.”

டூகல் சிரித்தான். லாக்கி சிரிக்கவில்லை.

“எதுக்கு வீணா அலையறீங்க?” என்றான் டூகல் அவசரமாக. “என்கிட்ட குடுத்துடுங்க. உதிரி பாகத்துக்கு நான் வாங்கிக்கறேன். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்.”

“யாருக்கும் குடுக்கறதில்ல” என்றான் லாக்கி. “வெட்டிப் போடப் போறேன். போலீஸ்ல சொல்லியாச்சு. துண்டைக் கொண்டு போய்க் காட்டினா போதும்.”

“உங்கப்பா நம்ம கல்யாணத்தன்னிக்கு உன் கையில குடுத்தது.”

“அந்தக் கைதான் இல்லையே.”

லாக்கி நாற்காலியைத் தள்ளி எழுந்தான். “மெஷினை மாட்டிட்டு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் இரும்பு அறுக்கும் மெஷின் ஒரு தடவை அலறி நின்றது. ஏதோ ஒரு குழாய்த் துண்டில் வெள்ளோட்டம் பார்த்திருப்பான்.

அந்த அலறல்தான் ரேலினை எழுப்பிவிட்டது. சாவி எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. அலமாரியைத் திறந்தாள். அவளுடைய சின்னத் துப்பாக்கி தூசியோடு சாய்ந்து நின்றது. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் லாக்கி வாங்கித் தந்தது. அவனுடையது தோளை இடிக்கிறது என்று அவள் சொன்னதற்காக, இலேசாக, சின்னத் துளையாகத் தேடிப் பிடித்து வாங்கியது. அதற்குப் பக்கத்தில் சாக்கு.

“டூகல், உன் வண்டில வெச்சிக்க. அவன் வர்றதுக்குள்ள கிளம்பு. நேரா கோருக்கு.”

“சரி, குடு. அப்படியே சாக்கோட குடு.”

“ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்.”

“பிரிக்காத ரேலின்.” அவன் குரல் மாறியிருந்தது. “பாக்க ஒண்ணுமில்ல அதுல. ரத்தம் இருக்கும். எதுக்கு?”

அவன் ஏன் கை நீட்டுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அதனாலேயே பிரித்தாள். காய்ந்த ரத்தத்தில் சாக்கு கட்டையோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் பிய்ந்து வந்தது.

குழலின் முனை வட்டமாக, ஒழுங்காக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

வெடித்திருந்தது முனை அல்ல, அடிப்பக்கம். தோட்டா போடும் இடத்துக்குச் சற்று முன்னால், சுடுகிறவன் இடது கையால் ஏந்திப் பிடிக்கும் இடத்தில், வலது குழல் வாழைப்பழத் தோல் மாதிரி கிழிந்து வெளியே மடிந்திருந்தது. கிழிசலுக்குள் ஒரு சின்னப் பித்தளை வளையம் நசுங்கிச் சிக்கியிருந்தது. அதைச் சுற்றி உருகி ஒட்டிய பிளாஸ்டிக். மஞ்சள் நிறம்.

அந்த ஊரில் துப்பாக்கி பிடித்த யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. பெரிய துப்பாக்கிக்குச் சிவப்பு, சின்னதற்கு மஞ்சள். சின்னத் தோட்டாவைப் பெரிய குழலில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் வாய் காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னாலேயே பெரியதைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் தோட்டாவில் போய் மோதும்.

வயசாயிடுச்சு ரேலின். தோட்டா போடாமலே சுடறேன் பாரு.

அவன் மறக்கவில்லை. போட்டிருந்தான்.

அன்று காலையில் மழை. அவளுடைய மேல்கோட்டு நனைந்துவிட்டது என்று லாக்கி தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். அவள் தன் தோட்டாக்களை எல்லாம் அந்தக் கோட்டுப் பையில் கொட்டிக்கொண்டாள். “என் பையில என்னத்தக் கொட்டற?” என்று கேட்டான். “என் சொத்து எல்லாம்” என்றாள். “திருப்பித் தரும்போது சொத்தைச் சுத்தமா எடுத்துக்க.” மழை விட்டதும் எடுத்தாள். கை நிறைய அள்ளினாள். வாத்துக் கூட்டம் வருகிற அவசரத்தில், பையின் மூலையை விரலால் துழாவிப் பார்க்காமல் கோட்டைக் கொடுத்துவிட்டாள்.

ரேலின் சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள்.

“உனக்குத் தெரியும்” என்றாள்.

டூகல் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். “படகுல அவனைக் கரைக்குக் கொண்டு வரும்போது பாத்தேன். அவனும் பாத்தான். ரத்தம் அவ்வளவு போயிட்டிருக்கு, பேச்சே வரல அவனுக்கு, ஆனா என் சட்டையப் பிடிச்சிட்டு விடல. சேறுன்னு சொல்லு, சேறுன்னு சொல்லுன்னு அதையேதான் சொன்னான். நீ மோட்டாரை ஓட்டிட்டிருந்த, உனக்குக் கேக்கல. நான் என்ன பண்ணுவேன் சொல்லு.”

“வருஷம் பூரா என் கிச்சன்ல உக்காந்து தின்னுட்டுப் போயிருக்க.”

“ஆமா” என்றான் டூகல். “ஒவ்வொரு தடவையும் தொண்டைல நின்னுது.”

அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டூகல் பின்னால் வரவில்லை.

கொட்டகையில் லாக்கி கண்ணாடி மாட்டிக்கொண்டு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் பிடியை ஒற்றைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்தான். சாக்கு இல்லாமல் வருவதையும் பார்த்தான். திருகுவதை நிறுத்தினான்.

“சேறு” என்றாள் ரேலின்.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

“மஞ்சளா இருக்கு உன் சேறு.”

“பை என்னோடது” என்றான். “கைய விட்டு எடுத்தது நான். என்ன கலர்னு பாக்காமப் போட்டது நான். எங்கப்பா எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான். கையில எடுத்ததப் பாரு, அப்புறம் போடு.”

“பையில விட்டது நான்.”

“ஒண்ணுதான விட்ட.”

“ஒண்ணுதான் வேணும் அதுக்கு.”

வெளியே ஆடுகள் கத்தின. தீவனம் போடும் நேரம். இருவரும் நகரவில்லை.

“என் மேல கோவமே வரலையா உனக்கு?”

“வந்துச்சு” என்றான். “ஆஸ்பத்திரில. நெறைய வந்துச்சு. நீ தூங்காம பக்கத்துல உக்காந்திருப்ப. உன்னப் பாக்க முடியாம சுவத்தப் பாத்துட்டுக் கெடந்தேன்.”

“திட்டியிருக்கலாம்.”

“திட்டிட்டு? அப்புறம் அதோடதான இந்த வீட்டுல இருக்கணும் நீ. என் கையப் பாக்கும்போதெல்லாம் அத நெனப்ப. அதான்.”

“அதான் பின்னறைக்குப் போனியா?”

அவன் சாக்ஸ் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒரு வருடமாக அந்தக் கை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவளை வெறுத்ததால் அல்ல என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் மனம் இலேசாகவில்லை. பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்திருந்தபோது அவள் மேல் தப்பில்லை. இப்போது பிடித்திருக்கிறது, தப்பும் இருக்கிறது.

“கோருக்கு அனுப்பிப் புதுக் குழல் போட்டா நீ இதத் தொடுவியா?” என்று கேட்டாள்.

“மாட்டேன்.”

“நானும் மாட்டேன். டூகல்கிட்ட குடுத்தா, இந்தக் கட்டைய எவன் தோள்லயோ பாக்கணும்.” துப்பாக்கியை வைஸில் வைத்தாள். “வெட்டு.”

“வேணாம்னுதான நீ சொன்ன? சரி பண்ணணும்னு.”

“சேறுன்னு நெனச்சிட்டு சொன்னேன்.”

அவன் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான். பிறகு மெஷினை வலது கையில் எடுத்தான். வைஸ் பழையது. உருண்டைக் குழலை அது சரியாகக் கவ்வவில்லை. சக்கரம் தொட்டதும் துப்பாக்கி துள்ளித் திரும்பியது.

“ரெண்டு கை வேணும்” என்றான், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

“கட்டைய நான் பிடிச்சுக்கறேன். நீ குழலை அழுத்து.”

அவள் கட்டையை மார்போடு அணைத்துப் பிடித்தாள். அவன் தயங்கி, சாக்ஸ் கையைக் குழலின் மேல் வைத்து அழுத்தினான். மெஷின் அலறியது. பொறி பறந்தது. இரும்பின் நடுக்கம் கட்டை வழியாக அவள் பற்கள் வரைக்கும் வந்தது. குழலில் ஒரு கோடு விழுந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாக்ஸ் காலியாகத் தொங்கியது. அந்த நுனி சக்கரத்தின் காற்றில் படபடத்து, ஒவ்வொரு படபடப்புக்கும் கொஞ்சம் கிட்டே போனது.

ரேலின் எட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சக்கரம் சுற்றிச் சுற்றித் தானாக ஓய்ந்தது.

“என்ன?” என்றான் லாக்கி.

“கம்பளி சக்கரத்துல மாட்டிக்கும். மிச்சமும் போயிடும்.”

“மாட்டாது. பாத்துக்கறேன்.”

“லாக்கி.” தொண்டையில் டீ வேணுமா என்பது வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். “அதக் கழட்டு. எனக்கு உன் கையக் காட்டு.”