ஜோர்ஜியாவா, விட்பியா

“ஜோர்ஜியாவில நடக்கிற ஷோகேஸுக்குப் போவமே?” என்று ஜெயமலர் கேட்டாள்.

“ஓம்” என்றார் அகஸ்ரின்.

“அல்லாட்டி விட்பியில நடக்கிறது காணுமே?”

“ஓம்.”

“ரெண்டையும் விட்டிடுவமே?”

“ஓம்.”

அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்து வந்து உடுப்பும் மாற்றாமல் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அகஸ்ரின் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சோற்றை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனது போல. கண்கள் மட்டும் கைபேசியை விட்டு நகரவில்லை. கேள்வி அவருக்கு விளங்கியிருக்கிறது என்பதில் ஜெயமலருக்குச் சந்தேகமே இல்லை. பதில்தான் வெளியே வரவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், பேக்கரி வானுக்குள் பாண் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். உயிர் தப்பியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் திரும்பி வந்தது ஒரேயொரு சொல். சொற்களெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் விளங்கப்படுத்தினாள். தலையாட்டிக் காட்டச் சொன்னாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித்தான் ஆட்டினார். பார்க்க வந்த சனம், வந்த சொல் நல்ல சொல்தானே என்று ஆறுதல் சொன்னது. அதைக் கேட்க ஜெயமலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எதற்கும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற மனிதர் அவர். புதுச் சோபா வேண்டாம், ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் வேண்டாம், ஸ்ரௌவ்வில்லில் வீடு வேண்டவே வேண்டாம். அந்த வேண்டாமோடு மல்லுக்கட்டித்தான் அவள் குடும்பம் நடத்தினாள். இப்போது மறுமுனையில் ஆளில்லாமல் தனியே நின்று கயிறு இழுப்பது போலிருந்தது.

பேஸ்போல் ஒன்றுக்குத்தான் அவர் வேண்டாம் சொன்னதில்லை. நாட்டுக்கு வந்த புதிதில் அவரோடு பாண் வானில் ஓடிய போர்த்துக்கீசக் கிழவன் எந்நேரமும் வானொலியில் பேஸ்போல் வர்ணனைதான் போட்டிருப்பானாம். அகஸ்ரின் ஆங்கிலம் படித்ததே அதைக் கேட்டுத்தான். சொந்தக்காரர் கூடியிருந்து கிரிக்கெட் கதைக்கும்போது இவர் ஒரு மூலையில் மகன் ஜஸ்ரினை மடியில் வைத்துக்கொண்டு பேஸ்போல் பார்ப்பார். ஓடித் திரிகிற வயது வந்ததும் அவனை ஸ்காபரோவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவன் கட்சர் ஆனான். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவன். எதிரணிக்காரன் மைதானத்தின் அப்பக்கத்திலுள்ள இரண்டாம் தளத்துக்குக் களவாக ஓடினால், குந்தியிருந்த இடத்திலிருந்து பாய்ந்தெழும்பி அங்கே எறிந்து அவனை மடக்குவதும் கட்சருடைய வேலைதான். தகப்பனும் மகனும் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எறியைப் பற்றியே கதைப்பார்கள்.

அமெரிக்கக் கொலிஜ்களில் விளையாட ஆசைப்படுகிற பெடியங்களுக்காக ஷோகேஸ் என்று நடத்துகிறார்கள். காசு கட்டிப் போய், கொலிஜ் கோச்மாருக்கு முன்னால் ஓடி, அடித்து, எறிந்து காட்ட வேண்டும். யாருக்காவது பிடித்துப்போனால் ஸ்கொலஷிப் கிடைக்கும். ஊருக்கு ஊர் இது நடக்கிறது. ஒவ்வொன்றும் தன்னிடம் வந்தால்தான் விடிவு என்கிறது. எது போகத்தக்கது, எது வெறும் ஏமாற்று என்று அகஸ்ரினுக்கு மணத்திலேயே தெரியும். வருகிற ஈமெயிலை வாசித்துவிட்டு, “உதுக்கு வாறவங்கள் பெடியனைப் பாக்க வரேல்லை, ரீசேர்ட் விக்க வாறவங்கள்” என்று சொல்லி அழித்துவிடுவார். எதை வைத்துப் பிரிக்கிறார் என்று ஜெயமலர் ஒருநாளும் கேட்டதில்லை. அடுப்படியில் நின்றபடி அவள் கேட்டதெல்லாம், எத்தனை பேருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்பதைத்தான்.

இப்போது அந்த ஈமெயில்கள் அவளுக்கு வந்தன. ‘உங்கள் மகனின் திறமை எங்கள் கண்ணில் பட்டிருக்கிறது’ என்று முதலாவது வந்தபோது, அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எமில்டாவிடம் ஓடிப்போய்க் காட்டினாள். எமில்டாவின் மகனும் ஒருகாலத்தில் விளையாடியவன். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

“உது எல்லாருக்கும் வாறது, மலர். பேரை மட்டும் மாத்துவாங்கள். என்ரை பெடியன் போகாத இடமில்லை. கடைசியில வீட்டில மிஞ்சினது அவங்கள் குடுத்த சேர்ட்டுகள்தான். இப்பவும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறவன்.”

அதற்குப் பிறகு வந்தவற்றையும் ஜெயமலர் அழிக்கவில்லை. எல்லாம் பொய் என்றாலும் அதில் ஒன்றாவது உண்மையாக இருக்காதா என்ற நினைப்பு. விட்பியில் நடப்பதற்குக் காரில் போய் வரலாம், அகஸ்ரினையும் கூட்டிப்போகலாம். ஆனால் அது சின்னது. அமெரிக்காவில், ஜோர்ஜியாவில் நடப்பது பெரியது, பெரிய கொலிஜ்களெல்லாம் வரும் என்று ஜஸ்ரினே ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். அதற்குப் போவதென்றால் விமானம், ஹொட்டேல், அகஸ்ரினைப் பார்க்க ஓர் ஆள். அவர் சம்பளம் நின்றுபோன வீட்டில் அது விளையாட்டான காரியமில்லை. ஜஸ்ரினைக் கேட்டால், “எதெண்டாலும் ஓகே அம்மா, யூ டிசைட்” என்று தோளைக் குலுக்குவான். தகப்பனோடு ஓயாமல் வாயடித்த பிள்ளை, இப்போது அவருடைய நாற்காலியைக் கடக்கும்போது தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவான். அவரிடம் கேள்வி கேட்பதையே அவன் விட்டுவிட்டான். அந்த ஒற்றைப் பதில் அவனை என்ன செய்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

முதலில் விட்பி, அங்கே எப்படிப் போகிறதென்று பார்த்து ஜோர்ஜியா என்று கடைசியில் அவளே முடிவெடுத்தாள். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மழை கண்ணாடியில் அடிக்க அடிக்க, நெடுஞ்சாலையில் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

பெரிய வெள்ளைக் கூடாரம் போன்ற உள்ளரங்கு. உள்ளே செயற்கைப் புல்லும் ரப்பர் மணமும். பெடியங்கள் முதுகில் இலக்கம் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். விளம்பரத்தில் சொன்ன கொலிஜ்களில் பாதிகூட வரவில்லை. வந்திருந்தவர்களில் இரண்டு பேர் கோப்பியைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் கதைத்துச் சிரித்தார்கள். ஜெயமலர் கணவனின் சக்கர நாற்காலியை வலையோரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கட்சர்மார் ஒவ்வொருவராகக் குந்தியிருந்து பிடித்து, எழும்பி, இரண்டாம் தளத்துக்கு எறிந்தார்கள். ஒருத்தன் எறிக்கு எடுத்த நேரத்தைக் கத்திச் சொன்னான். அந்த எண்கள் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஜஸ்ரினின் முறை வந்தது. அவன் எறிந்த பந்து நேராகத்தான் போனது, அழகாகத்தான் போனது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. எப்படியிருக்கிறது என்று கேட்பது போலக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அகஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். ஜஸ்ரின் மறுபடி குந்தினான், பிடித்தான், எழும்பினான். பந்து கையை விட்ட அந்தக் கணத்திலேயே, அது தளத்துக்குப் போய்ச் சேர முன்னமே, அகஸ்ரினின் கண்கள் மூடின. இடது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அடுத்த எறிக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவள் மகனைப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக அவரிடம் கேட்டுக் கிடைக்காத பதில் அந்த முகத்தில் இருந்தது.

ஜஸ்ரினின் கழகத்துக் கோச் மரியோவும் வந்திருந்தார். முடிந்ததும் ஜெயமலர் அவரிடம் போய், ஜோர்ஜியாவுக்கு அனுப்பலாமா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டாள். மரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கஸ் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார். அகஸ்ரினை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

போன வருடக் கோடை முடிவிலேயே மரியோ அகஸ்ரினிடம் சொல்லிவிட்டாராம். ஜஸ்ரின் நல்ல பிள்ளை, நல்ல விளையாட்டுக்காரன். ஆனால் அந்த எறி காணாது, வேகம் போதாது. உழைத்து ஏற்றுகிற வேகமல்ல அது, இன்னும் எத்தனை ஷோகேஸுக்குப் போனாலும் அதே எறிதான். இங்கேயே ஒரு கொலிஜில் படித்துக்கொண்டு சந்தோசத்துக்கு விளையாடட்டும். அகஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், நேரம் பார்த்து நானே அவனுக்குச் சொல்கிறேன் என்றாராம். அதற்குப் பிறகும் பனிக்காலத்தில், தான் சரிந்து விழும்வரை, கிழமை தவறாமல் அவனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாராம். சொல்லியிருப்பார் என்றுதான் தான் நினைத்திருந்ததாக மரியோ சொன்னார். ஜெயமலர் அவருக்கு நன்றி சொன்னாள். ஏன் நன்றி சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் அகஸ்ரினைக் காரின் முன் சீற்றில் ஏற்றி, பெல்ற்றைப் போட்டு, நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தபோது ஜஸ்ரின் தன் பெரிய பையோடு வந்தான். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. மழை நின்றிருந்தது. அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“மரியோ என்ன சொன்னவர்? ஜோர்ஜியா போகலாமாமா?”

வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தாள். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இன்னொருவரும் நினைத்திருந்தது உடனே ஞாபகம் வந்தது.

“வேண்டாமாம், அப்பன்” என்றாள் மகனிடம். “அந்த எறி காணாதாம். எங்க போனாலும் காணாதாம்.”

ஜஸ்ரின் பையை இறக்கி வைத்தான். “ஹி செட் தட்? இண்டைக்குப் பாத்திட்டோ?”

“இல்லை. போன வருசம். அப்பாட்டைச் சொன்னவராம்.”

அவன் காரின் முன்பக்கம் பார்த்தான். கதவு திறந்தபடி இருந்தது. அகஸ்ரின் தலையைத் திருப்ப முயன்றுகொண்டிருந்தார். ஜஸ்ரின் கதவடிக்குப் போய் நின்றான்.

“அப்பா, உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்” என்றார் அகஸ்ரின்.

“தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஓம்.”

“ஏன் அப்பா? ஜஸ்ட் டெல் மீ வை.”

அகஸ்ரினின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒருபக்கமாக இழுபட்டது. “ஓம்” என்றார் உரக்க. பிறகு தணிந்து, “ஓம், ஓம்... ஓம்” என்றார். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது, ஒன்று பாதியில் நின்று மூச்சு வாங்கியது. ஒரு நீண்ட வசனத்தின் இறக்கமும் ஏற்றமும் அப்படியே இருந்தன. சொற்கள்தான் இல்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் என்பதால் ஜெயமலருக்கு அதில் முக்கால்வாசி விளங்கியது போலிருந்தது. மிச்சத்தை அவளும் ஊகிக்கத் துணியவில்லை. அந்தக் கடைசிக் குளிர்காலத்தையும் மகனோடு கழிக்க ஆசைப்பட்டாரோ, அல்லது கோச் சொன்னது பிழையாக இருக்கட்டும் என்று காத்திருந்தாரோ. அவர் கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் ஒருபக்கம் மட்டும் உணரப்பட்டிருக்க வேண்டும். இடது கை அந்தப் பக்கத்தை மட்டும் துடைத்தது.

மகன் கத்தினால் நல்லது என்று அவள் நினைத்தாள். அவன் ஈரத் தரையிலேயே முழங்காலில் இருந்து, தகப்பனின் மடியில் கிடந்த வலது கையைத் தூக்கித் தன் பிடரியில் வைத்தான். அது வழுகி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்து, விழாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிள்ளையின் முதுகில் குத்தியிருந்த இலக்கத் துணி காற்றில் படபடத்தது.

ஜெயமலர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நேரத்துக்குப் பதிந்தவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கார் தரிப்பிடத்தில் இடமில்லை. ஒரு நீலக் கார் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. பின் சீற்றில் சீருடையோடு ஒரு பெடியன். ஓட்டிவந்த மனிதர் கண்ணாடியை இறக்காமல், வெளிக்கிடப் போகிறீர்களா என்று கையை உயர்த்திச் சைகையால் கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். தலையை எந்தப் பக்கம் ஆட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படாமல் சிக்னலைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் ஈரத் தரையில் விழுவதும் மறைவதுமாக இருந்தது.