ஏழு பேர்

"ஏம்மா, வீட்ல எத்தனை பேரு இதைச் சாப்பிடறீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அவளைக் கேட்டார்.

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நாலு மாத்திரை உள்ள அட்டையை வாரம் தவறாமல் இரண்டு வாங்கிப்போகிற பெண்ணிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஒருத்தர் என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் வாய் திறக்கவேண்டும்.

"ஏழு பேர்," என்றாள். ஆளுக்கு வாரம் ஒன்று வீதம் ஏழு, எட்டில் ஒன்று மிச்சம். அந்த அவசரத்திலும் கணக்கு சரியாக வந்து விழுந்தது.

"அடேயப்பா! பெரிய குடும்பந்தான்." சிரித்துக்கொண்டே உறையில் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு அவளைப் பார்த்தாலே, "ஏழு பேரும் சௌக்கியமா?" என்பார். அவள் தலையாட்டுவாள்.

இப்போது அவள் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நாலாவது தடவை. முன்னறையில் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் மோட்டார் உறுமுவது இங்கேவரை கேட்டது. பதினொரு மணிக்கு வண்டி வரும்.

அண்ணன் கதவருகே வந்து நின்றான்.

"அன்னைக்கு இங்க தண்ணி கிடந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இல்லண்ணா. காஞ்சுதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி விழுவாரு?"

"கால் மடங்கிப்போச்சுன்னாரு."

"சும்மா மடங்குமா?" குரலைத் தாழ்த்தினான். "ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறிக் கிடந்துச்சாம். ஒடஞ்ச இடுப்பெலும்பை ஆஸ்பத்திரில தொடக்கூட இல்ல, அதுக்குள்ள கிட்னி நின்னுபோச்சு. வீட்ல என்ன மருந்து குடுத்தீங்கன்னு டாக்டர் என்னையக் கேக்கறாரு. எனக்கு என்ன தெரியும்? குடுத்தது நீ."

"பிரஷர் மாத்திரை."

"அது மட்டுந்தானா?"

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை.

"வண்டி போகட்டும். அப்புறம் உக்காந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் போனான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. எலும்புக்கு வைட்டமின் டி குறைச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரம் ஒன்று, எட்டு வாரம். அன்று அண்ணனும் வந்திருந்தான். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா ஹோம்தான்ப்பா. இவளை நான் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை.

அவன் போனதும் அப்பா மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். எந்தக் காகிதத்தையும் செல்லுமா செல்லாதா என்றுதான் பார்ப்பார்.

"வாரத்துக்கு ஒண்ணாமே! அப்ப வாரத்துல ஒரு நாள்தான் விழாம இருப்பேனா? மிச்ச ஆறு நாளும் யாரு வந்து பிடிச்சுக்குவா, உங்கண்ணனா?"

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"தினம் ஒண்ணு குடு. அவன்கிட்ட மூச்சு விடாத."

அண்ணன் வீட்டில் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய், ஏன் பேசமாட்டேன் என்கிறாய், அந்த நோட்டில் என்ன எழுதுகிறாய். இங்கே அப்பா எதையும் கேட்பதில்லை. அவள் தினம் ஒன்று கொடுத்தாள்.

முதல் மாதம் அப்பா தெருமுனைவரை தனியாகவே போய்வந்தார். திரும்பும் இடத்தில் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்பார். காலி அட்டைகளை எறியவிடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். மூன்றாவது மாதம் ஓயாத தாகம் வந்தது. சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து, இது எந்த ஸ்டாப் என்று கேட்டார்.

"மாத்திரையை நிறுத்திடலாமாப்பா?"

"பலமில்லாதப்பத்தானே மாத்திரை வேணும்? குடு."

வாசலில் பேச்சுக்குரல் கேட்டு அவள் முன்னறைக்கு வந்தாள். மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க, இப்படி உக்காருங்க," என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. "நீங்க யாருன்னு தெரியலயே?"

"முக்குல மருந்துக்கடை. பாப்பா நம்ம கடைக்குத்தான் வரும். இப்பத்தான் சொன்னாங்க, மனசு கேக்கல." அப்பாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் அறையைச் சுற்றியது. ஒற்றைக் கட்டில், கொடியில் இரண்டு துண்டு. "வீட்ல மத்தவங்கல்லாம்?"

"யாரு மத்தவங்க? அந்தா போன்ல பேசறானே, பெரியவன், அவன் தனியா இருக்கான். இந்த வீட்ல எங்கண்ணனும் இந்த ஊமைக்கோட்டானுந்தான்."

"இல்ல, ஏழு பேருன்னு…"

"ஏழா! பல்லியைச் சேத்து எண்ணினாக்கூட ஏழு வராதுங்க. இருங்க, ஒரு வாய் காபி போடறேன்."

அத்தை உள்ளே போனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம். எல்லா டப்பாவும் எந்த வரிசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மிளகாய்த்தூள். உப்பு. அடுத்தது.

"என்னடி இது, சர்க்கரைன்னு திறந்தா வெறும் அட்டையா கிடக்கு!" அத்தை டப்பாவோடு வந்தாள். "சார், நீங்கதான் மருந்துக்காரராச்சே, இது என்னன்னு பாருங்க."

அவர் வாங்கிக்கொண்டார். முப்பது அட்டையாவது இருக்கும். மேலே கிடந்ததைத் திருப்பினார். முதுகில் அவர் கடையின் ஊதா முத்திரை. அடுத்ததைத் திருப்பினார். அதிலும்.

அண்ணன் போனை வைத்துவிட்டு வந்தான்.

"என்ன டப்பா அது?"

மருந்துக்கடைக்காரர் மூன்றாவது அட்டையையும் திருப்பினார்.

"சார், உங்களைத்தான். அப்பா சாப்பிட்டதா? எதுக்குப் போடற மாத்திரை? இதுல கால்சியம் ஏறுமா?"

மருந்துக்கடைக்காரரின் உதடு பிரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் குனியாமல் அவரைப் பார்த்தாள். கடையில் ஒருநாளும் அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரியாது.

"குடுங்க இப்படி," என்று அண்ணன் கையை நீட்டினான்.

அவர் அட்டைகளை டப்பாவில் போட்டு மூடியை வைத்தார். அது சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் அழுத்தினார். எழுந்து, நீட்டிய கையைத் தாண்டிக் குனிந்து, டப்பாவை அவள் மடியில் வைத்தார்.

பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து மாடிப்படி தெரிந்தது. ஐம்பது வயதுகூட இருக்காது அவருக்கு. அப்பாவைப் போலவே கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் ஊன்றியபிறகே அடுத்த படிக்குக் காலை நீட்டி, இறங்கிப் போனார்.