செவில் மாதாவோடு ஒரு மணி நேரம்

ஸ்பானியக் கலை படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கவலை வரும். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்துவிட்டன. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த வோபர்னில், எங்கள் கட்டடத்து லிஃப்டில் சந்திக்கிறவர்களிடம் "தேனுகா கம்பஸ்ல படிக்கிறா" என்று மட்டும் சொல்லுவார். என்ன படிக்கிறாள் என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் எங்கள் மாடி வந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் பிள்ளையாரைக் கூப்பிடுவார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனி மாதம். பல்கலைக்கழகம் எனக்குத் தந்துவந்த உதவிப்பணம் அந்தத் தவணையோடு முடிய இருந்தது. அப்போதுதான் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று, ஸ்பானியக் கலையை ஆராயும் மாணவர் ஒருவருக்கு ஒரு வருட ஃபெலோஷிப் தரப்போவதாக அறிவித்தது. கிடைத்தால் என் ஆய்வு பிழைக்கும். அருங்காட்சியகத்துக்குள் எனக்கென்று ஒரு மேசை, கோடையில் ஸ்பெயின். கிடைக்காவிட்டால் எங்கள் ஊர்க்காரர் சச்சிதானந்தன் அங்கிளின் இன்சூரன்ஸ் கந்தோரில் ஒரு கதிரை எனக்காகக் காத்திருந்தது.

"உது நல்ல வேலை, புள்ள" என்றார் அம்மா. "சிலையப் பாத்துக்கொண்டிருக்க ஆரும் சம்பளம் தருவாங்களா?"

"தருவாங்களாம் அம்மா. அதுக்குத்தான் போறன்."

நேர்முகத் தேர்வு ஒரு மாதிரியானது. விண்ணப்பித்தவரை ஒரு பொருளோடு ஒரு மணி நேரம் தனியே விடுவார்கள். பிறகு கண்டதை வந்து சொல்ல வேண்டும். ஸ்பானியப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த கிளடிஸ், சிரிப்பை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிற வெள்ளைக்காரப் பெண்மணி, என்னை நிலக்கீழ் அறைக்குக் கூட்டிப்போய்க் கையுறைகளைத் தந்தார். நடுவில் வெள்ளைத் துணியால் முழுக்க மூடிய உருவம் ஒன்று நின்றது. "துணியை நீக்கிப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்பெயினின் செவில் நகரத்தில் பெரிய வெள்ளிக் கிழமையை ஒட்டித் தெருவெல்லாம் தோளில் சுமந்து வருகிற, மகனைப் பறிகொடுத்து அழுகிற வியாகுல மாதா. முகத்தையும் கைகளையும் மட்டுமே செதுக்குவார்கள். கழுத்துக்குக் கீழே மரச்சட்டம்; அதன்மேல் வெல்வெட் உடுப்பு. உடுத்திவிடுவது பெண்கள் மட்டும், ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு. ஒன்றைக்கூட நேரில் காணாமல் இதைப் பற்றி நீளமான கட்டுரை எழுதிப் பாராட்டும் வாங்கியிருந்தேன். வாயில் பெரிய பெரிய சொற்கள் தயாராக இருந்தன.

தலைப்பக்கத்துத் துணியை விலக்கினேன்.

மூச்சு நின்றுவிட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை, பிறகு அதை இழுத்துவிட்ட சத்தம் எனக்கே கேட்டது. கண்ணாடிக் கண்கள், உண்மையான மயிரில் இமைகள், கன்னத்தில் கண்ணாடித் துளிகளாகக் கண்ணீர். வாய் இலேசாகத் திறந்திருந்தது. உள்ளே பல்லும் நாக்கின் நுனியும் தெரிந்தன. ஏதோ சொல்லத் தொடங்கி என்னைக் கண்டு நிறுத்தியதுபோல இருந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்திய மரம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

துணியை இன்னும் கீழே இழுக்க வேண்டும். கை போகவில்லை.

எங்கள் வீட்டில், கோட் மாட்டுகிற அலுமாரிக்குள் கண்ணகி அம்மன் இருக்கிறார். மட்டக்களப்புப் பக்கத்தில் பல கண்ணகி அம்மன் கோயில்களை வைகாசிச் சடங்குக்கு மட்டுந்தான் திறப்பார்கள். அந்த வழக்கத்தை அம்மா அப்படியே பன்னிரண்டாம் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்ச நாளெல்லாம் அலுமாரிக்குப் பூட்டு, கோட்டுகள் சோபாவில். நான் இதைப் பற்றி அடிக்காத பகிடி இல்லை. ஆனால் ஒருநாளும் நானாகத் திறந்து பார்த்ததுமில்லை.

அந்த அறையில் என் பயம் எனக்குத் தெளிவாகவே விளங்கியது. கீழே வெறும் சட்டம். அதைக் கண்டுவிட்டால் இந்த முகமும் மரமாகிவிடும். துணியைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு மிச்ச நேரம் முழுக்க முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே கிளடிசோடு, மொன்றியலிலிருந்து வந்த தாடிக்காரப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். ஸ்பானியச் சிற்பத்தில் பெயர்போனவர்.

"சட்டத்தை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"பார்க்கவில்லை."

"துணி சிக்கிக்கொண்டதா?"

"இல்லை. என்னால் முடியவில்லை."

அவர் பேனாவை மூடினார். "பக்தருக்குக் கும்பிட்டால் போதும். ஆராய்ச்சி செய்கிறவர் பார்த்தே ஆக வேண்டும்."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முகத்தைச் சொல்லட்டுமா?" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் சொன்னேன். முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. இடப்பக்கமிருந்து பார்த்தால் இப்போதுதான் அழப்போகிறார். வலப்பக்கமிருந்து பார்த்தால் அழுது களைத்துவிட்டார். தெருவின் இந்தப் பக்கம் நிற்கிற சனம் ஒரு தாயைக் காணும், அந்தப் பக்கத்துச் சனம் வேறொரு தாயைக் காணும். செய்தவன் தெருவை நினைத்துச் செய்திருக்கிறான்.

கிளடிஸ் கதவைக் காட்டினார். "திரும்பப் போய்ப் பாருங்கள். காத்திருக்கிறோம். முடியாவிட்டால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

படியிறங்கும்போது இன்சூரன்ஸ் கந்தோர்க் கதிரை கண்முன்னே வந்தது. அதைவிட, அந்த முகத்தை இழக்கப்போகிறேனே என்றுதான் பயந்தேன். துணியின் நுனியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுவையாக இழுத்தேன்.

பலகைதான். கப்பலில் சாமான் வருகிற பெட்டிக்கு அடிக்கிற மாதிரிப் பலகை. நான்கு கால், குறுக்கே சட்டங்கள், கறள் பிடித்த ஆணிகள், முழங்கையில் ஒரு மூட்டு. தோளைச் சுற்றித் தைத்திருந்த பழந்துணியில் குண்டூசி குத்திய துளைகள், இடம் விடாமல். இடுப்புச் சட்டத்தில் ஒரு இடம் மட்டும் கறுத்து வழுவழுத்துப் போயிருந்தது. ஏன் என்று உடனே பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. உடுத்துகிற பெண்கள் ஒரு கையால் அங்கே பிடித்துக்கொண்டுதான் மற்றக் கையால் ஊசி குத்தியிருக்கிறார்கள்.

நிமிர்ந்தேன். முகம் மரமாகவில்லை. முன்னையிலும் பெரிதாக, உயிரோடு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுகையும் வந்தது, நன்றாகவே அழுதேன்.

மேலே போனதும் பேராசிரியர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"பலகை. நீங்கள் அளந்து எழுதக்கூடிய பலகை. நானும் அளந்து எழுதுவேன். ஆனால் அதை உடுத்திய பெண்கள் எல்லோருக்கும் உள்ளே பலகை என்று தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். உடுத்தி முடித்துவிட்டு, அவர்களே போய்ச் சனத்தோடு சனமாகத் தெருவில் நின்று, அந்த முகத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். தெரிந்துகொண்டே எப்படி அழுதார்கள் என்பதைத்தான் நான் ஆராய வேண்டும். இன்றைக்கு எனக்கும் அது நடந்தது."

பேராசிரியர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். "ஒரு வருடத்தில் முடியாது" என்றார்.

"தொடங்கலாம்" என்றார் கிளடிஸ். எழுந்து, மேசையின் மறுபக்கம் வந்து எனக்குக் கை கொடுத்தார். ஃபெலோஷிப் எனக்குத்தான் என்பது அந்தக் கையைப் பிடித்த பிறகுதான் உறைத்தது.

மூவருமாகக் கீழே போனோம். கிளடிஸ் ஒரு நீளப் பெட்டியைத் திறந்து கறுப்பு வெல்வெட் உடுப்பை வெளியே எடுத்தார். "இருவர் வேண்டும். நீங்கள் பிடியுங்கள்." நான் கையுறைகளை மாட்டிக்கொண்டு மாதாவுக்குக் கிட்டப் போனேன். பேராசிரியரும் ஆவலாகப் பக்கத்தில் வந்தார். வெறும் பலகையாக நின்ற மாதாவை ஒருதரம் பார்த்தார், எங்கள் கையில் விரிந்திருந்த உடுப்பைப் பார்த்தார். வெளியே போகும்படி ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. மெதுவாகப் பின்வாங்கி அறைக்கு வெளியே போய், கதவைத் தானே சாத்தினார். நாங்கள் உடுத்தி முடித்துக் கூப்பிடும்வரை வெளியிலேயே நின்றார்.