நாலு கரண்டி சர்க்கரை

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்று கடிதம் வந்ததிலிருந்தே சித்திக்குத் தூக்கம் இல்லை. அக்கா செத்து எட்டு மாதம். அக்காவின் ஆறு வயது மகள் வாலு அன்றிலிருந்து சித்தியிடம்தான் இருக்கிறாள். அப்பன்காரன் கையை விரித்துவிட்டான். அவனுடைய அக்காவுக்கு மட்டும் திடீரென்று பாசம் பொங்கி, "எங்க வீட்டுப் பிள்ளை எங்ககிட்டதான் வளரணும்" என்று மனுப் போட்டிருந்தாள். அந்த அத்தைக்காரிக்கு ஆறு அறை வீடு, தோட்டம், கார். சித்திக்கு நான்காவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். பிள்ளை யாரிடம் என்பது அதிகாரி எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்தது.

சித்திக்கு வேலை மருந்துத் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் அறையில். குழந்தைகளுக்கான இருமல் மருந்தும் காய்ச்சல் மருந்தும் அவள் நாக்கைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். ஒரு மடக்கு வாயில் ஊற்றி, பத்து எண்ணும்வரை உருட்டி, துப்பிவிட்டு, கசப்பு எத்தனை, இனிப்பு எத்தனை என்று தாளில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக, நாளுக்கு முப்பது தடவை, சர்க்கரைப் பாகு! வீட்டுக்கு வந்தால் இனிப்பு என்ற பேரைக் கேட்டாலே குமட்டும். பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பிதான் அவளுக்கு அமிர்தம். வாலு ஒரு தடவை அதை நக்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, இது விஷமா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து மேசைக்காரி பத்திரிகையோடு வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மமா அது?

"இதக் கேளுடி. கசப்பு பிடிக்கிறவங்களுக்குக் கல்லு மனசாம். அடுத்தவங்க அழுதா உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவாங்களாம். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க!"

"போடி, அவங்களுக்கு வேற வேலையில்ல."

"எனக்கென்ன, நான் சர்க்கரைய அள்ளித் திங்கிறவ. உன் கதிதான் என்னன்னு தெரியல."

மகராசி, விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் சித்தி அன்று கடைசி ஏழு மருந்துக்கும் தப்புத் தப்பாக மதிப்பெண் போட்டாள். அதிகாரியும் அதே பத்திரிகையைப் படித்திருந்தால்? கடுங்காப்பி குடிக்கிற கல்நெஞ்சக்காரி என்று அத்தைக்காரி வத்தி வைத்திருந்தால்? அதைவிட மோசமாக இன்னொன்றும் தோன்றியது. அக்கா செத்த அன்று தனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே, அதுவும் இதனால்தானோ? பத்திரிகைக்காரன் எவனோ எழுதியதற்கு இந்தப் பைத்தியக்காரி தன் நெஞ்சையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வாலுவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தம்மா கேட்டா, சித்திக்கு இனிப்புன்னா உசுருன்னு சொல்லணும். என்ன?"

"உனக்குத்தான் பிடிக்காதே?"

"பிடிக்கும்னு சொல்லுடி கண்ணு. உன்னக் கூட்டிட்டுப் போயிட்டா சித்தி செத்துருவேன்டி."

வாலு மிரண்டுபோய்த் தலையாட்டினாள்.

அதிகாரி நல்ல மனுஷி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தும் முகம் சுளிக்கவில்லை. கட்டிலைப் பார்த்தார், பள்ளி நோட்டுகளைப் புரட்டினார். வாலுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படற?" என்றார். "சித்திகூடத்தான்" என்று அவள் பட்டென்று சொன்னதை எழுதிக்கொண்டு சிரித்தார். சித்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம், பாவி. காப்பி கலந்து கொண்டுவந்து, அதிகாரியின் கண்ணெதிரே தன் கோப்பையில் நாலு கரண்டி சர்க்கரையைப் போட்டு, "எனக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணுங்க" என்று சொல்லி ஒரு மடக்கு வாயில் ஊற்றினாள்.

"அம்மாவ நினைச்சு அழறாளா?" என்று கேட்டார் அதிகாரி.

அந்தக் கேள்வியில் சித்தி வாயிலிருந்த காப்பியை மறந்துவிட்டாள். அழுகிறாள், தலையணையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று சொல்ல வேண்டும். ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம் ஆயிற்றே. சர்க்கரைக் காப்பியை நாலு பக்கமும் உருட்டி, பத்து எண்ணி, பக்கத்திலிருந்த காலி டம்ளரில் புளிச்சென்று துப்பியது.

அதிகாரி டம்ளரை எட்டிப் பார்த்தார். வாலு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சித்திக்கு இனிப்பே ஆகாது! பிடிக்கும்னு சொல்லச் சொல்லிக்கொடுத்தாங்க!" சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்தி எல்லாவற்றையும் கொட்டினாள். தொழிற்சாலை, பத்திரிகை, கல்மனசு, எல்லாம். அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"கசப்பு பிடிச்சா என்னங்க? எங்க படிவத்துல அப்படி ஒரு கேள்வியே கிடையாது."

"அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?"

"பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களான்னு ஒரு கேள்வி இருக்கு. ஆமான்னா, அவ சொன்ன எதையும் எடுத்துக்க முடியாது. சித்திகூடத்தான் இருப்பேன்னு சொன்னதையும் அடிச்சிடணும்."

"அது அவளா சொன்னதுங்க! என் அக்கா மேல சத்தியமா அவளா சொன்னது!" சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எட்டு மாதமாக வராத அழுகை.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் எப்படி எழுதறது?" அதிகாரி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார். வீடு, வசதி என்று மற்ற விவரத்தைப் பார்த்தால் மேலிடத்தில் அத்தை வீட்டுக்குத்தான் அனுப்பச் சொல்வார்கள், துணிமணிகளை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாலுவுக்கு எல்லாம் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. செருப்புகூடப் போடாமல் அவர் பின்னாலேயே படியில் ஓடினாள்.

"ஆன்ட்டி, நில்லுங்க! இன்னொரு தடவ கேளுங்க! என்ன சொல்லணும்னு சித்திகிட்ட கேட்டுப் படிச்சிட்டு வந்து சொல்றேன்!"